மேல்வீட்டுத் தொட்டி

எங்கள் மலைப் பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னிருக்கைக்காரர்கள்தான். காட்சி நன்றாகத் தெரியுமென்று துறைமுகத்திலேயே அடித்துப் பிடித்து ஏறி என் முதுகுக்குப் பின்னால் உட்காருவார்கள். முதல் வளைவில் படம் எடுப்பார்கள். அடுத்த வளைவில் பேச்சு நின்றுவிடும். அதற்கடுத்து யாராவது ஒரு பை கேட்பார்கள். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த உத்தியோகம் அதுதான். கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்தை மேலே ஊரில் கொண்டுபோய்க் கொட்டுவது, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வந்து கீழே விடுவது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவர்கள் முகங்களைப் பார்த்தே என் காலம் போயிற்று.

நீங்கள் லாரிஸா சமவெளிக்காரர் என்று சொன்னார்கள், அதிகாரி. கோட்டைக்கு ஏறிவந்தபோது பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சமவெளியில் பிறப்பது ஒருவர் குற்றமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கு எதையும் மறைக்கும் பழக்கம் இல்லை.

மேலே என்ன இருக்கிறதென்று இவர்கள் எல்லாம் வருகிறார்கள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கோட்டை என்று நாங்கள் சொல்வது, கடற்கொள்ளையருக்குப் பயந்தவர்கள் குன்றின் உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிக்கொண்ட வீடுகளை. அவற்றுக்கு அடியில் அதைவிடப் பழைய கற்கள். எவ்வளவு பழையவை என்று பேராசிரியர்கள் வந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு போவார்கள். உச்சியில் இப்போது யாரும் குடியில்லை. நாங்களெல்லாம் கொஞ்சம் கீழே, சரிவில், தண்ணீர்க் குழாய் வருமிடத்தில் இருக்கிறோம். என் பெற்றோரின் வீடு மேலேதான் இருக்கிறது. அதை நாங்கள் மேல்வீடு என்போம். ஒரு குளிர்காலத்தில் அதன் கூரை உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வானத்தைப் படம் பிடித்த ஒரு ஜெர்மன்காரி, அதை அஞ்சலட்டையாக அச்சடித்து எனக்கே அனுப்பினாள். அழகு என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டுக் கூரை விழுந்தால் அவள் அப்படி எழுதமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மரூசோவின் காப்பிக்கடையில் நாற்காலிகள் பழுப்பு நிறமாக இருந்தன. எனக்குத் தெரிந்து எப்போதும் பழுப்புதான். ஒரு வசந்தத்தில் பார்த்தால் எல்லாம் நீலம்.

"நாற்காலிக்கு என்ன கேடு வந்துச்சு, மரூசோ?" என்றேன்.

"நீலமா இருந்தாத்தான் வந்து உக்கார்றானுங்க, ஸரான்டிஸ். உன் மூஞ்சிக்கும் ஒரு பூச்சு அடிச்சு விடவா? உன்னையும் நாலு பேரு படம் எடுப்பாங்க."

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சுற்றுலாக்காரன் வந்தால் வயலினைத் தூக்குகிறவர்கள், சுற்றுலாக்காரன் போனதும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள். அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

தோர்கில் முன்னிருக்கையில் உட்காரவில்லை. அதை நான் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முதல்முறை வந்தபோதே கடைசியில், கோழிக்கூடைப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். வாந்தியும் எடுக்கவில்லை. டென்மார்க்கில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பிள்ளை கிடையாது. நெட்டையான ஆள், வெயிலில் சிவந்துபோகும் கழுத்து. கோடை முழுக்க மரூசோவின் மாடி அறையில் தங்குவார். மற்றவர்கள் ஒரு பகல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அது பரவாயில்லை. இவர் மறு வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். எங்கள் மொழியைப் படித்துக்கொண்டு வந்தார்.

அந்த மொழியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். ஒரு விகுதியை விழுங்கமாட்டார். "தயவுசெய்து எனக்கு ஒரு காப்பி கொண்டுவர இயலுமா, திருமதி மரூசோ" என்பார். எங்கள் ஊர் உண்டானதிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் காப்பி கேட்டதில்லை. அவள் மயங்கிவிட்டாள். பெயருக்குப் பின்னால் ஓர் 'இஸ்' சேர்த்து அவரைத் தோர்கிலிஸ் ஆக்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவன் எங்களவன் ஆவதற்கு அவ்வளவு போதும். யார் வீட்டு வாசல் என்று பார்க்காமல் சந்து முழுக்கப் பெருக்குவார். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் சந்தில் பாவிய கற்களின் விளிம்புக்கு எல்லோருடனும் குந்தி உட்கார்ந்து சுண்ணாம்பு அடிப்பார். என் மனைவி மார்கரோ செத்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கல்லறையில் என் மகன் நிகிஃபோரோஸ் அழுதது அவர் தோளில். நான் குழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அதை ஒரு காரணமாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

நிகிஃபோரோஸ் எனக்கு ஒரே பிள்ளை. பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மின்வேலை செய்பவன். அதிகம் பேசமாட்டான். சின்ன வயதிலேயே அப்படி. நான் வளர்த்த விதம் என்று பெருமையாகவே சொல்வேன். பண்டிகைக்குப் பண்டிகை தொலைபேசியில் "நல்லாயிருக்கீங்களாப்பா" என்பான். "இருக்கேன்" என்பேன். வைத்துவிடுவோம். அப்பனுக்கும் மகனுக்கும் அதற்குமேல் என்ன பேச்சு.

ஒருநாள் மரூசோ கடையில் என்னிடம் கேட்டாள். "நிகிஃபோரோஸுக்கு முதுகு இப்போ எப்படியிருக்கு? ஆபரேஷன் பண்ணின இடம் ஆறிடுச்சா?"

எனக்கு ஆபரேஷன் பற்றித் தெரியாது. "ஆறிடுச்சு" என்றேன்.

"தோர்கிலிஸ்தான் ஆஸ்பத்திரியில கூட இருந்தாராமே. ஏதென்ஸ் வரைக்கும் வந்து. நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்" என்றேன் நானும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மாதா பண்டிகைக்கு முந்தைய நாள். ஆகஸ்ட் வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் சமவெளியில் அந்தக் காற்று கிடையாது. அது வீசும்போது பக்கத்து வீட்டில் சட்டி உடைந்தால்கூடக் கேட்காது. மத்தியானம், ஊர் முழுக்க சன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம். என் கதவைத் தட்டினார்.

"மன்னிக்கவும், திரு ஸரான்டிஸ். தங்கள் உறக்கத்தைக் கெடுத்துவிட்டேனா?"

"கெடுத்துட்டீங்க. சொல்லுங்க."

மேல்வீட்டில் உள்ள மழைநீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார், நான் தட்டிக்கழித்திருக்கிறேன். அந்தத் தொட்டிக்கு எங்கள் ஊரில் ஓரளவு புகழ் உண்டு. வீடு கட்டியதற்கெல்லாம் எத்தனையோ காலத்துக்கு முன்னால் பாறையில் குடைந்தது. கழுத்து குறுகல், வயிறு அகலம், பெரிய குடுவை மாதிரி. சமையலறைத் தரையில் வாய், அதன்மேல் ஒரு கல்மூடி. பேராசிரியர்கள் அதைப் பார்க்கக் கெஞ்சியிருக்கிறார்கள். இவருக்கும் அந்தப் பழங்கல் பைத்தியம்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு ஏன் சரி என்றேன் என்று கேட்பீர்கள். தூக்கம் கலைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. அவர் அந்தப் பூனைக்கும் வணக்கம் சொன்னார்.

மூடியை நகர்த்திவிட்டு மர ஏணியை இறக்கினேன். ஆகஸ்டில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் கிடக்கும். செருப்பைக் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட்டு, கையில் விளக்கோடு இறங்கினார். அடியில் நின்று கற்களைப் பார்த்து ஆகா ஓகோ என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கற்களின் பக்கம் விளக்கைத் திருப்பவேயில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் இங்கேதான் நிற்பானா?" என்றார்.

"யாரு?"

"நிகிஃபோரோஸ். எனக்குச் சொல்லியிருக்கிறான். ஒரு குழந்தைக்கு இது மிகவும் ஆழம், திரு ஸரான்டிஸ்."

இதைப் பற்றி உங்களிடமும் யாராவது மிகைப்படுத்திச் சொல்லியிருப்பார்கள், ஆகவே சரியாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா எனக்குச் செய்ததைத்தான் நான் என் மகனுக்குச் செய்தேன். பொய் சொன்னால், ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்தால், எதிர்த்துப் பேசினால் இறக்கிவிட்டு மூடியைப் போடுவது. அடி கிடையாது, உதை கிடையாது. கோடையில் வெளியில் இருப்பதைவிட அங்கே குளிர்ச்சி. குளிர்காலத்தில் தண்ணீர் இருக்கும், அப்போது இறக்கமாட்டேன், ஏணியின் நடுப்படியில் நிற்கச் சொல்வேன். முதலில் சத்தம் போடுவான். பிறகு அடங்கிவிடுவான். நான் மேலேதான் உட்கார்ந்திருப்பேன். சில நாள் பேருந்துக்கு நேரமாகிவிடும், ஒரு நடை போய்விட்டு வந்து எடுப்பேன். அவன் ஒழுங்கான மனிதனாக வளர்ந்திருக்கிறான். நீங்களே பார்த்தீர்கள்.

தோர்கில் கீழே விளக்கை அணைத்தார். அவராகத்தான் அணைத்தார். கொஞ்ச நேரம் இருட்டில் நின்றார். அப்புறம் அங்கிருந்தபடியே, முகம் தெரியாமல், அந்தச் சுத்தமான மொழியில் பேசினார்.

"இன்று மாலைக் கப்பலில் அவன் வருகிறான். உங்களிடம் ஒன்றைச் சொல்லப்போகிறான். அச்சத்தோடு வருகிறான், ஆகவே முன்கூட்டியே நானே சொல்லிவிடுகிறேன். அவன் சென்ற பனிக்காலத்தில் என் ஊரில் திருமணம் செய்துகொண்டான். பெற்றோர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். அது என் இடம் இல்லை என்று அவனிடம் சொன்னேன். இனி அவன் அங்கேதான் வாழ்வான். உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அவன் பேசி முடித்ததும், இந்தத் தொட்டிக்காக வருந்துகிறேன் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவனுக்கு அது போதும். உங்களைப் பார்க்க ஆண்டுதோறும் வருவான்."

என் வீட்டுத் தொட்டிக்குள் நின்றுகொண்டு, என் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தருகிறார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது உண்மையாக இருக்காது. ஏணியின் மேல்படி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிபார்க்கத்தான் மேலே இழுத்தேன். இழுத்தபிறகு, திரும்ப இறக்கவேண்டிய அவசரம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் மகன் நின்ற இடம் எப்படியிருக்கும் என்று பார்க்க வந்தவர் அவர். மூடி போடாமல் அது தெரியாது. அதனால் போட்டேன். கொஞ்சம் கத்தினார், அந்தக் காற்றில் அது வாசலைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தூங்கினேன். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கினேன். கப்பல் படியில் இறங்கும்போதே நிகிஃபோரோஸின் கண் என் தோளுக்கு மேலாக யாரையோ தேடியது.

"தோர்கிலிஸ் வரலையாப்பா?"

"வெயில்ல எங்கயாவது சுத்திக்கிட்டிருப்பார். பையைக் குடு."

"நான் தூக்கிக்கிறேன்."

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விரலில் மோதிரம் இருந்தது. நான் கேட்கவில்லை.

இருட்டும் நேரத்தில் தோர்கில் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. மரூசோ மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள். நிகிஃபோரோஸ் அந்த அறையிலிருந்து ஒரு சின்ன மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இதயத்துக்குப் போடறது. இதை விட்டுட்டு அவர் எங்கயும் போகமாட்டார்ப்பா. இது இல்லாம அவரால ரொம்பத் தாங்க முடியாது."

நான் அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

தேடுவதற்கு நான்தான் வழிகாட்டினேன். இந்த மலையை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு கூட்டத்தைக் கிழக்கே ஓடைப்பள்ளத்துக்கு அனுப்பினேன், இன்னொன்றைக் கடல்பக்கச் செங்குத்துப் பாறைக்கு. கோட்டையை நானே பார்த்துவிட்டேன் என்றேன். அது பொய் இல்லை, பார்த்துத்தான் இருந்தேன். ஊர்க்காரர்கள் எப்படித் தேடினார்கள் என்றால், மறுநாள் மாதா கோயிலில் ஆட்டுக்கறி இறக்கும்வரை மும்முரமாகத் தேடினார்கள். தோர்கிலிஸ் தோர்கிலிஸ் என்று உருகியவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மரூசோ மட்டும் சாப்பிடவில்லை. என் மகனும் சாப்பிடவில்லை.

"மாடி அறையில என்னால படுக்க முடியலப்பா" என்றான். "அவர் சட்டை, அவர் புத்தகம், எல்லாம் அங்கயே கிடக்கு."

"நம்ம வீட்டுக்கு வா" என்றேன். "உன் கட்டில் அப்படியே இருக்கு."

வந்தான். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மார்கரோ செத்தபிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் மரூசோவின் மாடியில்தான் தங்குவான். இப்போது என் வீட்டுக்கு வந்தான். மண்சட்டியில் கொண்டைக்கடலை வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து வைத்தேன். சாப்பிட்டான். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்றான். பாதையெல்லாம் நடந்து கொப்புளம் போட்டிருந்த கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனாகவே பேசினான். கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். அந்தப் பெண்ணின் பெயர் ஸிக்னெ. மருத்துவமனையில் வேலை. நான் கோபிக்கவில்லை. "நல்லது" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"நீங்க இப்படித் தேடுவீங்கன்னு நான் நினைக்கலப்பா. அவருக்காக."

தோர்கில் கேட்டபடி அந்தத் தொட்டி வார்த்தையை நான் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. அதைச் சொல்லாமலேயே என் மகன் என் வீட்டில் இருந்தான். அந்த மனிதரின் யோசனை எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரிகிறது.

நான் இரக்கமில்லாதவன் என்று மரூசோ உங்களிடம் கத்தியதாகக் கேள்விப்பட்டேன். மகன் தேடப் போயிருந்தபோது முதல்முறை மேல்வீட்டுக்குப் போய், வாளியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் வைத்துக் கயிறு கட்டி இறக்கினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்து காலில் ஏதோ ஆகியிருந்தது. அப்போது கத்தவில்லை, திட்டவில்லை. "நன்றி, திரு ஸரான்டிஸ்" என்றார். பிறகு மாத்திரை கேட்டார்.

"மேசை இழுப்பறையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து தர இயலுமா?"

"பாக்கறேன்" என்றேன்.

எப்படிக் கொண்டுவருவது? அந்த டப்பா என் மகனின் சட்டைப்பையில் இருந்தது. தூங்கும்போதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான்.

அடுத்தமுறை போனபோது குரல் தாழ்ந்திருந்தது. அப்போதும் இலக்கணம் தவறவில்லை. மூச்சுக்காகப் பாதியில் நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து எடுத்து வாக்கியத்தை முடித்தார்.

"நான் சிந்தித்துப் பார்த்தேன். ஏணி வழுக்கிவிட்டது என்று சொல்கிறேன். யாருக்கும் தெரியாமல் நானே இங்கே வந்து விழுந்துவிட்டதாகச் சொல்கிறேன். நிகிஃபோரோஸிடமும் அப்படியே சொல்வேன், என்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன். உங்களுக்காக இல்லை. தன் தந்தை இப்படிச் செய்தார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். அவன் தாங்கமாட்டான்."

எனக்கு அவர்மேல் உண்மையான வெறுப்பு வந்தது அப்போதுதான். அந்த நிலையிலும் என் குடும்பத்தை அவர்தான் நிர்வாகம் செய்கிறார். என் மகனுக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது, எதைத் தாங்குவான், எதைத் தாங்கமாட்டான் என்று எனக்குச் சொல்கிறார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைக் கேட்கப்போகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காப்பாற்றியிருப்பார். ஏணியை இறக்கியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும், எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. யோசித்துப் பார்த்தேன். அவரை வெளியே எடுத்தால் படகு வரும், மருத்துவர் வருவார், என் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படகில் போய்விடுவான். அவர் கிடைக்காதவரை என் மகன் வீட்டில் இருப்பான். சாயங்காலம் களைத்து வருவான், நான் சமைத்து வைப்பேன், சாப்பிட்டுவிட்டு என்னோடு பேசுவான். வேலையிடத்தில் விடுப்பை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டிருந்தான்.

மூடியைப் போட்டேன். அதன்பிறகு ஒருமுறை போனேன். கூப்பிட்டேன், பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தக்காளி அரிந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நிகிஃபோரோஸ் வழக்கத்தைவிட முன்னதாக வந்தான். வாசலிலேயே நின்றான். மலையில் தேடாத இடம் எது மிச்சம் என்று மரூசோவும் அவனும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஊரில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றாமல் இருக்குமா?

"அப்பா, மேல்வீட்டுச் சாவியைக் குடுங்க."

"அங்க நான் பாத்தாச்சு."

"தெரியும். சாவியைக் குடுங்க."

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் சட்டி இருந்தது, அதைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். அங்கே மண்டியிட்டிருப்பான்போல, கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. உட்காரவில்லை.

"கத்தினாரா?" என்றான்.

"ஆரம்பத்துல. அப்புறம் அடங்கிட்டார்."

"நானும் அப்படித்தான்" என்றான்.

"சாப்பிட வா, ஆறிடும்" என்றேன்.

அவன் திரும்பிச் சரிவில் இறங்கினான். ஓடவில்லை, நடந்துதான் போனான். உங்களிடம்தான் வருகிறான் என்று எனக்குத் தெரியும். நான் மேசையில் இரண்டு தட்டுகளையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் காவலர்கள் வந்தபோது நான் அவற்றில் கைவைத்திருக்கவில்லை, அவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

ஆகவே, ஆமாம். ஏணியை எடுத்தது நான். மூடியது நான். மாத்திரை எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கொண்டுபோகாதவன் நான். வெளியே எடுத்திருக்க முடியும், எடுக்கவில்லை. தோர்கில் என் கையால் செத்தார். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

நிகிஃபோரோஸ் இன்று காலைக் கப்பலில் தோர்கிலின் சவப்பெட்டியோடு டென்மார்க்குக்குப் போய்விட்டதாக உங்கள் காவலர் சொன்னார். கிளம்புமுன் என்னைப் பார்க்க வரவில்லை, துறைமுகத்தில் மலைப்பக்கம் திரும்பவும் இல்லை என்றார். அந்தக் காவலர் பையனுக்கு விவரம் போதாது. பெட்டியை ஏற்றும்போது யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா? அங்கே அந்த மனிதருக்கு ஒரு வயதான அக்காள் மட்டும்தான் இருக்கிறாளாம். கூடப் போய் ஒப்படைப்பது ஒரு மரியாதை. என் மகனை நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அடக்கம் முடிந்ததும் கிளம்பிவிடுவான். இப்போது அவனுக்கு அங்கே தங்குவதற்கு என்ன இருக்கிறது?

சிறையில் எந்தெந்தக் கிழமைகளில் பார்க்க விடுவார்கள் என்று மட்டும் அவனுக்கு எழுதிவிடுங்கள். வாசலில் நின்று காத்திருப்பது அவனுக்குப் பிடிக்காது.